நீல முட்டையும் வேணும், வருஷம் 250-ம் வேணும்: ஒரே கோழியில ரெண்டும் வருமா?

கேள்வி (இங்கிலாந்து லெஸ்டர்ல இருந்து), 11 பிப்ரவரி 2024

வீட்ல நாலு க்ரீம் லெக்பார் பெட்டை இருக்கு. முட்டை நீலமா அழகா இருக்கு, ஆனா வாரத்துக்கு மூணு நாலுக்கு மேல போடறதில்ல, நவம்பர்ல நிறுத்தினது இன்னும் ஆரம்பிக்கல. பக்கத்து வீட்டு ஹைப்ரிட் கோழி (முட்டைக்குன்னே கலந்து உண்டாக்கினது) பனியிலயும் போட்டுத் தள்ளுது. லெக்பார் சேவலை, வெள்ளை முட்டை நிறைய போடற வெள்ளை லெகார்ன் ஜாதிப் பெட்டையோட சேத்தா நீலமும் வரும் எண்ணிக்கையும் வரும்னு சொல்றாங்க. அப்புறம் அந்தக் குஞ்சுகளையே தங்களுக்குள்ள சேத்து ஒரு லைனா, அதாவது குணம் மாறாத பரம்பரையா, நிறுத்திடலாமா? மூணு வருஷம் போதுமா?

11 பிப்ரவரி 2024, ராத்திரி

முதல் பாதி சரி, ரெண்டாவது பாதி அவ்வளவு லேசு இல்ல, மூணு வருஷம்ங்கறது நடக்காது.

நீலம் ஒரே ஒரு ஜீன். டாமினன்ட். அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்து ஒரு காப்பி வந்தாலே முட்டை நீலம். இதை 1933-லயே பன்னெட்ங்கற விஞ்ஞானி எழுதி வச்சுட்டார், பள்ளிக்கூடத்துல கட்டம் போட்டு நெட்டை குட்டைன்னு நிரப்பினோமே, அந்தக் கட்டத்துக்குப் பேர் குடுத்தவரேதான். உங்க சேவல்கிட்ட ரெண்டு காப்பி இருந்தா, லெகார்ன் பெட்டை வழியா பொறக்கற ஒவ்வொரு பெட்டையும் நீலம்தான் போடும், அதுல சந்தேகமே வேண்டாம்.

எண்ணிக்கைக்கு அப்படி ஒரு ஜீன் கிடையாது. எப்ப பருவத்துக்கு வருது, எத்தனை நாள் விடாம போடுது, அடைக்கு உக்காருதா, இறகு உதிர்க்க எத்தனை வாரம் எடுக்குது, இருட்டு காலத்துல நிறுத்துதா, இப்படி ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி எத்தனையோ ஜீன், அதுக்கு மேல தீவனம், வெளிச்சம், செள்ளு, எல்லாம். க்ரீம் லெக்பார் நல்லா வச்சுக்கிட்டா வருஷம் 160, 200. லெகார்ன் வழி வந்த வெள்ளை ஹைப்ரிட் 300 பக்கம் போகும். ரெண்டையும் சேத்தா நடுவுல எங்கயோ வரும், பெரும்பாலும் நடுவுக்குக் கொஞ்சம் மேல, கலப்பு வீரியம்னு ஒண்ணு இருக்கே அதனால. ஆனா அந்த வீரியம் முதல் தலைமுறைக்கு மட்டும்தான் முழுசா. அதையே தங்களுக்குள்ள சேத்தா அடுத்த தலைமுறையில பாதி கரைஞ்சிடும். எல்லாரும் தடுக்கி விழற இடம் இதுதான், முதல் வருஷ ரிசல்ட்ட பாத்துட்டு இன்கியூபேட்டர் வாங்கிடறாங்க.

12 பிப்ரவரி 2024

நேத்து எழுதினதுக்கு ஒரு ஒட்டு. "சேவல்கிட்ட ரெண்டு காப்பி இருந்தா"ன்னு போற போக்குல சொல்லிட்டேன், அந்த "இருந்தா"லதான் விஷயமே இருக்கு. சேவல் முட்டை போடாது. கொண்டை, கோடு, தலையில இறகுக் குடுமி எல்லாம் லெக்பார் மாதிரியே இருந்தாலும் அதுக்குள்ள நீலம் ஒரு காப்பியா ரெண்டான்னு மூஞ்சியப் பாத்து யாராலயும் சொல்ல முடியாது. விக்கறவங்க நூறு சதவீதம் சுத்தம்னுதான் சொல்வாங்க.

ரெண்டு வழி. இறகோ ரத்தமோ அனுப்பி டிஎன்ஏ டெஸ்ட். இல்லன்னா பழைய வழி: வெள்ளை முட்டை போடற பெட்டைங்களோட விட்டு அதுக்குப் பொறக்கற பெட்டைங்க என்ன போடுதுன்னு பாக்கறது. ஒண்ணு வெள்ளை போட்டாலும் சேவல் ஒத்தைக் காப்பி, கதை முடிஞ்சுது. அஞ்சு பெட்டையும் நீலம் போட்டா, அது ஒத்தைக் காப்பியா இருந்தும் தப்பிச்சிருக்க வாய்ப்பு 32-ல ஒண்ணு. ஏழு பெட்டைன்னா 128-ல ஒண்ணு. எனக்கு ஏழு போதும். பழைய வழியில ஒரு லாபம் இருக்கு, டெஸ்டுக்காகப் பொறிச்ச பெட்டைங்கதான் உங்க முட்டைக் கோழி, எதுவும் வேஸ்ட் இல்ல.

19 பிப்ரவரி 2024

நியூ ஜெர்சி நண்பர் கேட்டது: கொண்டையப் பாத்தே நீல ஜீன் இருக்கான்னு கண்டுபிடிக்கலாமாமே?

கண்டுபிடிக்கலாம், ஆனா எந்தப் பக்கத்துல இருந்து நீலம் வருதுங்கறதப் பொறுத்தது. பட்டாணிக் கொண்டை (தாழ்வா, சின்னச் சின்னப் புடைப்பா இருக்கறது) ஜீனும் நீல ஜீனும் ஒண்ணாம் குரோமோசோம்ல பக்கத்து பக்கத்துல உக்காந்திருக்கு, நூத்துக்கு நாலு தடவைதான் பிரியும். அரௌகானா, அமெரௌகானான்னு ரெண்டு நீல முட்டை ஜாதி இருக்கு, ரெண்டுக்கும் பட்டாணிக் கொண்டை. அதை ஒத்தைக் கொண்டை (ஒரே தகடா இருக்கறது) லெகார்னோட கலந்து, அந்தக் குஞ்சுகளைத் திரும்ப லெகார்னோட சேத்தா பாதிக்குப் பட்டாணிக் கொண்டை வரும், பாதிக்கு ஒத்தைக் கொண்டை. பட்டாணிக் கொண்டை வந்தது கிட்டத்தட்ட எல்லாமே நீல ஜீன் வச்சிருக்கும். குஞ்சா இருக்கும்போதே பிரிச்சிடலாம், சேவலையும் சேத்து. இதை விட மலிவான டெஸ்ட் கிடையாது.

க்ரீம் லெக்பாருக்கு இது ஓடாது. லெக்பாருக்கே ஒத்தைக் கொண்டை. என்னிக்கோ ஒரு நாள் அந்த நாலு சதவீதப் பிரிவு நடந்து, நீலம் ஒத்தைக் கொண்டையோட ஒட்டிக்கிச்சு, அதுல இருந்து வந்த பரம்பரை இது. லெகார்னும் ஒத்தை லெக்பாரும் ஒத்தை, எதை வச்சுப் பிரிப்பீங்க?

அமெரிக்காவுல "அமெரௌகானா"ன்னு பொறிப்பகத்துல விக்கற குஞ்சுங்க பெரும்பாலும் ஈஸ்டர் எக்கர்னு சொல்ற கலப்பு, அதுல கொண்டை பட்டாணியா இருந்தாலும் அம்மா வழியில பழுப்பு கலந்திருக்கும், முட்டை பெரும்பாலும் பச்சையாத்தான் வரும். அசல் அமெரௌகானாவை அமெரிக்கக் கோழி வளர்ப்புச் சங்கம் 1984-ல அங்கீகரிச்சது. அங்க ஆர்கன்சா ப்ளூன்னு லெகார்ன் கலந்த லைன் ஒண்ணு இருக்கு, இந்த இழையோட தலைப்புக்கு நேரா பதில் வேணும்னா அதை விசாரிச்சுப் பாருங்க. நான் இங்க இங்கிலாந்துல இருந்துக்கிட்டு வளத்துப் பாக்க முடியாது.

3 மார்ச் 2024

பச்சை முட்டை பத்தி நிறைய பேர் கேக்கறீங்க. சுருக்கமா:

நீல நிறமி பிலிவெர்டின். அடிபட்ட இடம் கொஞ்ச நாள்ல பச்சையா மாறுமே, அதுவும் இதேதான். ஓடு உருவாகற நேரம் முழுக்க இது ஓட்டோட கலந்துக்கிட்டே வரும், அதனால ஓடு உள்ளயும் நீலம் வெளியவும் நீலம். பழுப்பு நிறமி வேற, அது கடைசி நேரத்துல மேல பூசற பூச்சு. நீலத்து மேல பழுப்பு பூசினா பச்சை, நிறைய பூசினா ஆலிவ். அவ்வளவுதான் ரகசியம்.

சரிபாக்கணும்னா முட்டைய உடைச்சு ஊத்திட்டு ஓட்டைக் கழுவிக்கங்க, உள்பக்கம் ஒட்டியிருக்கற வெள்ளைத் தோலை நகத்தால நுனியில கிள்ளி உரிங்க, முழுசா வரணும், கொஞ்சம் ஒட்டிட்டு இருந்தாலும் வெளுப்பாத் தெரியும். ஜன்னல்கிட்ட வச்சு உள்பக்கத்தைப் பாருங்க. உள்ள நீலமா இருந்தா ஜீன் இருக்கு. வெளிய பச்சை உள்ள நீலம்னா பழுப்பு வந்து கலந்திருக்கு. உள்ள வெள்ளைன்னா நீலமே இல்ல. வெளிப்பக்கம் வினிகர் தொட்டுத் தேய்ச்சா பழுப்பு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு அடியில இருக்கற நீலம் எட்டிப் பாக்கும், அதையும் ஒரு தடவை செஞ்சு பாருங்க, பசங்களுக்குக் காட்டலாம்.

அதனால பழுப்பு முட்டை ஹைப்ரிட்டோட மட்டும் கலக்காதீங்க. அது நல்லா போடும், ஆசையா இருக்கும். ஆனா பழுப்புக்குப் பல ஜீன், நீலத்து மேல அந்தப் பூச்சைத் துடைக்க தலைமுறை தலைமுறையா உக்காரணும். வெள்ளை முட்டை போடறதுதான் வேணும். பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டே (ஒரு ஜாதி எப்படி இருக்கணும்ங்கற விதி) லெக்பார் முட்டைக்கு நீலம், பச்சை, ஆலிவ் மூணையும் ஒத்துக்குது, அதனால "ஸ்டாண்டர்ட் லைன்"னு வாங்கினதாலயே நீலம்னு நம்பிடாதீங்க.

3 மார்ச் 2024, கொஞ்ச நேரம் கழிச்சு

போட்டோ போடறவங்க எல்லாருக்கும்: போன் கேமரா நீலத்தை அதிகமாக் காட்டும். ஒரு வெள்ளை முட்டையையும் பக்கத்துல வச்சு எடுங்க. மேகமூட்டமான மத்தியானம், வெயில் நேரா படாத ஜன்னல். சில படங்கள்ல முட்டை பெயின்ட் அடிச்ச மாதிரி அடர் நீலமா இருக்கு, அப்படி எந்தக் கோழியும் போடாது.

17 மார்ச் 2024

அம்மா வந்திருக்காங்க. முதல் நாள் ஃப்ரிட்ஜைத் திறந்து பாத்துட்டு "வாத்து முட்டையா?"ன்னாங்க. இல்லம்மா கோழிதான்னு சொன்னா நம்பல, கூண்டுக்குக் கூட்டிட்டுப் போய் நிக்க வச்சேன், லெக்பார் ஒண்ணு கேறிக்கிட்டு உள்ள போச்சு, வெளிய வந்து கொக்கரிச்சுது, சூடா எடுத்துக் கையில குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு சேலைத் தலைப்பால தேய்ச்சுப் பாத்தாங்க. சாயம் போகலன்னு தெரிஞ்சப்புறம்தான் குழம்புல உடைச்சு ஊத்தினாங்க. சத்து கூடவான்னு கேட்டாங்க, அதேதான்மா, ஓடு மட்டும்தான் வேறன்னேன். "அப்ப எதுக்குடா இந்தப் பாடு?" பதில் இல்ல என்கிட்ட.

அவங்களுக்கு இன்னொரு வருத்தம், மிச்ச சோறு, இட்லி எதையும் கோழிக்குப் போட விட மாட்டேங்கறேன்னு. இங்க சட்டமே அப்படி, வீட்டு சமையலறை வழியாப் போன எதையும் கோழிக்குப் போடக் கூடாது, உங்க தோட்டத்துல பறிச்ச கீரையா இருந்தாலும் சமையலறைக்குள்ள போயிட்டா அதோட சரி. முழு வீகன் வீட்டுக்கு மட்டும் விலக்கு. 2001 கோமாரி நோய்க்கு அப்புறம் வந்த தடை. எண்ணிக்கைக்காகவும் இது நல்லதுதான், சோறு தின்னு வயிறு நிரப்பின கோழி லேயர் தீவனம் கம்மியாத் தின்னும், புரதம் 16 சதவீதத்துக்குக் கீழ இறங்கும், முட்டை குறையும். கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்துல எப்பவும் இருக்கணும்.

1 ஏப்ரல் 2024

வரலாறு கேட்ட அண்ணனுக்கு. க்ரீம் லெக்பார் எங்க ஊர்க்காரி. நான் இருக்கறது கேம்பிரிட்ஜ் பக்கத்துல ஒரு கிராமம், பன்னெட்டும் மைக்கேல் பீஸும் வேலை பாத்தது இங்கதான். கிளாரன்ஸ் எல்லியட்னு ஒரு செடிக்காரர், 1920-கள் கடைசியில தென் அமெரிக்காவுக்குச் செடி தேடிப் போனவர், அங்க இருந்து நீல முட்டைக் கோழி கொண்டுவந்து பன்னெட்கிட்ட குடுத்தார். பீஸுக்கு அப்ப வேற ஒரு ஆசை, பொறந்த அன்னிக்கே ஆண் பெண் தெரியற ஜாதி உருவாக்கணும். பார்டு ராக்கையும் பிரவுன் லெகார்னையும் கலந்து லெக்பார், அதுல அரௌகானா ரத்தம் சேந்து க்ரீம் லெக்பார். 1958-ல ஸ்டாண்டர்ட் ஆச்சு. அப்புறம் கவனிப்பாரில்லாம கிட்டத்தட்ட அழிஞ்சே போகப் பாத்துது, அந்தக் காலத்துல நீல முட்டைய யாரும் சீந்தல. இப்ப சூப்பர் மார்க்கெட்ல தனி அட்டைப் பெட்டியில ஓல்டு காட்ஸ்வோல்டு லெக்பார்னு அதிக விலைக்கு விக்கறாங்க.

அரௌகானா சிலி நாட்டு மபூச்சே மக்களோட கோழி. ஸ்பெயின்காரர் சால்வடோர் கஸ்தெல்லோ 1921-ல ஹேக்ல நடந்த உலகக் கோழி மாநாட்டுல அதைப் பத்திப் பேசினதுலதான் வெளி உலகத்துக்கே தெரிஞ்சது. காதுல குஞ்சம் வச்ச மாதிரி இறகு இருக்கும், அந்தக் குஞ்சத்துக்கு ஆசைப்பட்டு வாங்கறவங்க கவனிங்க: குஞ்ச ஜீன் ரெண்டு காப்பி வந்தா குஞ்சு ஓட்டுக்குள்ளயே செத்துடும். குஞ்சம் வச்சதையும் குஞ்சம் வச்சதையும் சேத்தா கால்வாசி கருவிலயே போச்சு. எண்ணிக்கை வேணும்ங்கறவங்க அந்தப் பக்கமே போகாதீங்க. பிரிட்டன்ல கிடைக்கற வால் வச்ச அரௌகானாவுக்குக் குஞ்சம் இல்ல, தாடி தான், அந்தத் தொல்லையும் இல்ல.

28 ஏப்ரல் 2024

லெஸ்டர்க்காரர் வெள்ளை ஹைப்ரிட் பெட்டை வாங்கி லெக்பார் சேவலோட விட்டுட்டாராம், குஞ்சு பொறிச்சாச்சாம், "எல்லாம் மஞ்சளா இருக்கு, ஆண் எது பெண் எது?"

தெரியாது சார். லெகார்னோட வெள்ளை டாமினன்ட், லெக்பார் குஞ்சோட முதுகுக் கோடு, தலைப்பொட்டு எல்லாத்தையும் மூடிடும். பீஸ் கஷ்டப்பட்டு உண்டாக்கின வித்தையை ஒரே கலப்புல காலி பண்ணியாச்சு. ஆறு எட்டு வாரம் காத்திருந்து கொண்டை சிவக்கறத வச்சுத்தான் பாக்கணும்.

ஒண்ணாம் நாளே தெரியணும்னா திருப்பிப் போடணும்: பிரவுன் லெகார்ன் சேவல், லெக்பார் பெட்டை. இறகுல குறுக்குக் கோடு போடற லெக்பார் ஜீன் பெட்டைகிட்ட இருந்து மகனுக்கு மட்டும்தான் போகும், மகளுக்குப் போகாது, அதனால தலையில வெளிர் பொட்டு இருந்தா ஆண். நீலம் இந்தக் கணக்குல வராது, அது மகன் மகள் ரெண்டு பேருக்கும் போகும், அம்மாகிட்ட ரெண்டு காப்பி இருந்தா சரி. இதுல இன்னொரு வசதி, நீலம் வர்ற பக்கம் பெட்டை, அவ முட்டைய நீங்க கண்ணால பாக்கறீங்க. பிரச்சனை என்னன்னா கண்காட்சிக்கு வளத்த பிரவுன் லெகார்ன் வெள்ளை ஹைப்ரிட் அளவுக்குப் போடாது. அழகுக்காகப் பொறுக்கி எடுத்த ஜாதி எல்லாத்துக்கும் இந்தக் கதிதான்.

9 ஜூன் 2024

எந்தக் கோழி எந்த முட்டைன்னு எப்படித் தெரியும்? ட்ராப் நெஸ்ட், அதாவது பொறி வச்ச முட்டைப் பெட்டி. கோழி உள்ள போனா கதவு பின்னாடி விழுந்துடும், நீங்க போய்த் திறந்து கால் வளையத்தைப் பாத்து நோட்டுல எழுதிட்டு வெளிய விடணும். வீட்ல இருந்து வேலை பாக்கறவங்களுக்குத்தான் சரிப்படும், மீட்டிங் நடுவுல எந்திரிச்சுப் போய் கோழியத் திறந்து விட்டுட்டு வர்றேன். வெயில் நாள்ல உள்ள மறந்துட்டா கோழிக்கு ஆபத்து.

நாலஞ்சு கோழிதான்னா பொறி எதுக்கு, ஒவ்வொண்ணோட முட்டையும் கொஞ்ச நாள்ல பழகிடும், ஒண்ணு கூரா இருக்கும், ஒண்ணு மொட்டையா, ஒண்ணு ஓட்டுல மணல் மணலா. சந்தேகம்னா ராத்திரி பின்பக்கத்துல உணவுக் கலர் தடவி விடுங்க, காலைல முட்டையில கோடு இருக்கும். அம்மா இதைப் பாத்துட்டு ஊருக்குப் போன் பண்ணி "கோழிக்குப் பொட்டு வைக்கிறான்"னு சொல்லியிருக்காங்க, அதுவும் எங்க வைக்கிறேன்னு விளக்கமா.

நோட்டு இல்லாம லைன் கிடையாது, இதுல நான் விட்டுக் குடுக்க மாட்டேன். எல்லாரும் நல்ல நீலமா இருக்கற முட்டைய எடுத்து இன்கியூபேட்டர்ல வைக்கறாங்க. ஒரு கோழி எவ்வளவுக்கெவ்வளவு கம்மியாப் போடுதோ அவ்வளவுக்கு முட்டை கெட்டி நீலமா இருக்கற மாதிரி தோணும், சீசன் ஆரம்பத்துல கெட்டியா இருக்கும், போடப் போட வெளுக்கும். அழுத்தமான கலரையே பொறுக்கினா சோம்பேறிக் கோழியப் பொறுக்கினதா ஆகலாம்.

20 அக்டோபர் 2024

என் கலப்புப் பெட்டைங்க போட ஆரம்பிச்சிடுச்சு (லெக்பார் சேவல், வெள்ளை ஹைப்ரிட் பெட்டை, லெஸ்டர்க்காரர் போட்ட அதே கணக்கு). எல்லாம் நீலம். ஆனா வெளிர். லெக்பார் முட்டைய பக்கத்துல வச்சாத்தான் நீலமே தெரியுது, தனியா வச்சா தண்ணி கலந்த மாதிரி. ஒத்தைக் காப்பிக்கு இப்படித்தான் இருக்கும், ரெண்டு காப்பின்னா இன்னும் கொஞ்சம் அழுத்தம். அளவு நல்லா இருக்கு, ஆரம்ப முட்டைங்க தாண்டினதுமே மீடியம் வந்துடுச்சு, இங்க மீடியம்னா 53-ல இருந்து 63 கிராம்.

லெஸ்டர்க்காரருக்கும் அப்படியேவாம். வீட்டம்மா "இதுக்கா இவ்வளவு நாள்"ன்னு கேட்டாங்களாம். அம்மாவும் வீட்டம்மாவும் ஒரே கட்சி.

புதுசா வளக்கறவங்களுக்கு: இந்த மாசம் 1-ம் தேதில இருந்து இங்கிலாந்துல ஒரே ஒரு கோழி வச்சிருந்தாலும் அரசாங்கத்துல பதிவு பண்ணணும். முன்னாடி 50-க்குக் கீழ விருப்பம்னு இருந்தது. பறவைக் காய்ச்சலுக்காகத்தான். 2022 நவம்பர்ல இருந்து 2023 ஏப்ரல் வரைக்கும் கோழிய வெளியவே விடக் கூடாதுன்னு அடைச்சு வச்சது நினைவிருக்கும், அதனால கோழி நடமாட கூரை போட்ட அடைப்புக்கு இடம் விட்டே கூண்டு கட்டுங்க.

22 டிசம்பர் 2024

இன்னிக்கு எட்டு மணி நேரம் கூட வெளிச்சம் இல்ல. லெக்பார் எல்லாம் கடையைச் சாத்தியாச்சு. கலப்புப் பெட்டைங்க விளக்கு இல்லாமலே போடுதுங்க, தினமும் இல்ல, ஆனா விடாம. கலர்ல விட்டது இங்க வந்து சேந்துச்சு. முதல் வருஷப் பெட்டைங்கறதையும் கணக்குல வச்சுக்கணும், அடுத்த குளிர்லயும் போட்டாத்தான் மெச்சிக்கலாம். விளக்கு போடறவங்க விடியக்காலைல போடுங்க, சாயங்காலம் டப்புனு அணைச்சா கோழி பரண் ஏற முடியாம இருட்டுல தடுமாறும். மொத்தம் 14 மணி நேரம் வந்தா போதும்.

16 பிப்ரவரி 2025

நாமக்கல்ல இருந்து தம்பி ஒருத்தர் எழுதியிருக்கார்: "அண்ணா, இங்க நீல முட்டை நல்ல விலைக்குப் போகும், வர்றப்ப பையில நாலு முட்டை கொண்டு வர்றீங்களா?"

வேண்டாம் தம்பி. இறக்குமதி அனுமதி இல்லாம பொறிக்கற முட்டை கொண்டு வர்றது சட்டப்படி தப்பு, அதுவும் பறவைக் காய்ச்சல் இருக்கற நாட்டுல இருந்து, நாமக்கல்லுக்கு! கோடிக்கணக்குல கோழி இருக்கற ஊருப்பா. இந்தியாவுல ஏற்கெனவே வளக்கறவங்ககிட்ட அரௌகானா கிடைச்சா, உங்க ஊர்ப் பண்ணையில இருக்கற வெள்ளை லேயர் பெட்டைதான் இதுக்குச் சரியான ஜோடி, உலகத்துலயே உங்களுக்குத்தான் அது வாசல்ல கிடைக்குது. பட்டாணிக் கொண்டைக் கணக்கும் உங்களுக்கு ஓடும். சிறுவிடை நாட்டுக்கோழியோட கலந்தா அடைக்கு உக்காந்துடும், எண்ணிக்கை போச்சு.

கடக்நாத் முட்டை கருப்புன்னு வாட்ஸ்அப்ல வர்றது பொய். லேசான பழுப்பு, இல்ல க்ரீம். கறிதான் கருப்பு.

8 மார்ச் 2025

"நீல முட்டைக்குக் காரணம் வைரஸாமே, சாப்பிடலாமா?"

சாப்பிடலாம். ரொம்ப காலத்துக்கு முன்னாடி ஒரு ரெட்ரோவைரஸ் துண்டு கோழியோட ஜீன் வரிசையில போய் ஒட்டிக்கிச்சு, எஸ்எல்சிஓ1பி3-ங்கற ஜீனுக்குப் பக்கத்துல. அதனால அந்த ஜீன் ஓடு உருவாகற பைக்குள்ள வேலை செய்ய ஆரம்பிச்சு பிலிவெர்டினை அங்க கொண்டு சேக்குது. 2013-ல கண்டுபிடிச்சாங்க. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், சீனாவுல டோங்ஷியாங், லூஷின்னு நீல முட்டைக் கோழிங்க இருக்கு, அதுக்கும் அரௌகானாவுக்கும் இந்த ஒட்டு தனித்தனியா நடந்திருக்கு, ஒட்டின இடம் கொஞ்சம் தள்ளி இருக்கு. ரெண்டு கண்டத்துல ஒரே கூத்து ரெண்டு தடவை. மனுஷ ஜீன்லயும் எட்டு சதவீதம் பழைய வைரஸ் துண்டுதான், யாரும் நம்மளத் தின்ன யோசிக்கறதில்ல... சரி, அந்த வாக்கியம் வேற மாதிரி போகுது, விட்டுடலாம்.

12 அக்டோபர் 2025

வசந்த காலத்துல கலப்புச் சேவல், கலப்புப் பெட்டை சேத்துப் பொறிச்சதுங்க இப்பப் போடுது. கட்டத்துல போட்டபடியே, நாலுல ஒண்ணு வெள்ளை. அது பரவாயில்ல, வெள்ளை போடறத பிரிச்சுடலாம். நீலம் போடறதுலயும் மூணுல ரெண்டு உள்ளுக்குள்ள வெள்ளைய ஒளிச்சு வச்சிருக்கும், அது எதுன்னு தெரியாது. கலர் அழுத்தத்தை வச்சு ஊகிக்கலாம்னு பாத்தா அழுத்தமும் வெளிருமா ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடக்கு. சேவல் கூட்டத்துல கேக்கவே வேண்டாம்.

எண்ணிக்கையில ஒண்ணு அம்மாவ மாதிரி தினமும், ஒண்ணு லெக்பார் பெட்டைங்கள மாதிரி இஷ்டப்பட்டா. சராசரி இறங்கியிருக்கு.

போன வருஷம் பிப்ரவரில நான் லைன் கட்டறதப் பத்தியே பேசிட்டிருந்தேன். இப்ப நினைக்கறேன், லெஸ்டர்க்காரர் மாதிரி நாலஞ்சு கோழிக்கு மேல வைக்க முடியாதவங்களுக்கு லைனே வேண்டாம். டெஸ்ட் பண்ணின ரெண்டு காப்பி சேவல் ஒண்ணை வச்சுக்கங்க, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புது வெள்ளை ஹைப்ரிட் பெட்டைங்களோட விடுங்க, பொறக்கற எல்லாம் நீலம், எல்லாம் நல்லா போடும், அதோட நிறுத்திக்கங்க, அதுல இருந்து பொறிக்காதீங்க. நீலம் வெளிர்தான், அது விலை. 250 வேணுமா அழுத்தமான கலர் வேணுமான்னு கேட்டா, வீட்ல சாப்பிடறதுக்கு 250-தான்.

லைன்தான் வேணும்னு பிடிவாதம் இருக்கறவங்க, நானும் அதுல ஒருத்தன், சேவலை அதோட அம்மா, அக்கா தங்கச்சி நோட்டைப் பாத்து எடுங்க. டிஎன்ஏ-வுல ரெண்டு காப்பின்னு வந்த சேவலை மட்டும் வைங்க. பெட்டைய ரெண்டாவது வருஷம் தாண்டினப்புறம் பொறிக்க எடுங்க, முதல் வருஷம் கொட்டித் தீத்துட்டு வயித்துக்குள்ள முட்டை உடைஞ்சு சீழ் பிடிச்சுச் சாகற ஹைப்ரிட் நிறைய பாத்தாச்சு, அந்த ரத்தம் எனக்கு வேண்டாம். இதனால ஒவ்வொரு தலைமுறையும் ரெண்டு வருஷம் இழுக்கும். ரத்த உறவு நெருங்காம இருக்க ரெண்டு மூணு குடும்பமாப் பிரிச்சு வச்சு சேவலை மட்டும் மாத்தி மாத்தி விடணும், அதுக்கு இடம் வேணும். எத்தனை வருஷம்னு கேக்காதீங்க.

13 அக்டோபர் 2025

ஜெர்சி நண்பர்: "அப்ப ரெண்டு காப்பி சேவலை எங்க இருந்து எடுக்கறது, அதுக்கே ஒரு லைன் வேணுமே?"

வேணும். அதைத்தான் லெக்பார் வளக்கறவங்க செய்யறாங்க, அவங்ககிட்ட வாங்கிக்கங்க. எல்லாரும் எல்லாத்தையும் செய்யணும்னு இல்ல.

2 நவம்பர் 2025

கடைசியா லெஸ்டர் வீட்டம்மா அவரோட ஐடிலயே வந்து கேட்டிருக்காங்க: மிச்சச் சேவலுங்களை என்ன செய்யறது, எடுத்துக்க ஆளே இல்ல.

ஆள் கிடைக்காதுக்கா. பொறிக்கறதுல பாதி சேவல், கொடுக்கறேன்னு சொன்னாலும் கூவுதுன்னு யாரும் வாங்க மாட்டாங்க, இன்கியூபேட்டர் போடறதுக்கு முன்னாடியே இதுக்கு மனசைத் தயார் பண்ணிக்கணும். லெகார்ன் ரத்தம் இருக்கறதால நெஞ்சுல கறி கம்மி, ப்ராய்லர் மாதிரி எதிர்பாக்காதீங்க. 16, 18 வாரத்துல கறிக்கு எடுத்துடுங்க, அதுக்கு மேல போனா நார் நாரா ஆகிடும். நாட்டுக்கோழிக்கு வைக்கற மாதிரி சின்ன வெங்காயம், மிளகு தட்டிப் போட்டு, குக்கர்ல நாலு விசில். எலும்பு ரசம் இதுல நல்லா வருது, ப்ராய்லர்ல வராது. எங்க வீட்ல அதுக்காகவே அடுத்த வருஷமும் பொறிக்கச் சொல்றாங்க.